சூலூர்பேட்டையா, சென்னை ஐமேக்ஸா? அப்பாவைக் கூட்டிட்டுப் போகணும்

வைகைக்கரை · 27 அக்டோபர் 2025, இரவு 10.42

வர்ற வெள்ளிக்கிழமை பாகுபலி ரெண்டு பாகத்தையும் வெட்டி ஒட்டி ஒரே படமா விடுறாங்க. மூணே முக்கால் மணி நேரம். அப்பா மதுரையிலருந்து வந்து பெருங்குடியில எங்க வீட்ல இருக்கார். வயசு 66. 2015, 2017 ரெண்டு தடவையும் தியேட்டருக்கு வரல. டிவியிலதான் பார்த்தார், அதுவும் பாதியில கரண்ட் போயி. ஆனா 1986-இல் மாவீரனை 70 எம்எம்-இல் பார்த்த கதையை மாசத்துக்கு ஒரு தடவை சொல்லுவார். "அதுடா ஸ்கிரீன். இப்ப இருக்கறதெல்லாம் ஜன்னல்."

அவர் வாயை அடைக்கணும். அதான் கேள்வி.

வேளச்சேரி இல்ல வடபழனி ஐமேக்ஸ் போனா பக்கம், தமிழ் ஷோ கிடைக்கும். ஆந்திரா பார்டர் தாண்டி சூலூர்பேட்டையில இருக்கற எபிக் தியேட்டர் போனா ஸ்கிரீன் நூறு அடி அகலம், ஆனா படம் தெலுங்குல. அப்பாவுக்குத் தெலுங்குல "ஏமண்டி"க்கு மேல தெரியாது. போனவங்க யாராவது சொல்லுங்க, அவ்வளவு தூரம் போறது வொர்த்தா?

தடா_பஸ் · இரவு 10.58

ப்ரோ யோசிக்கவே யோசிக்காத, சூலூர்பேட்டை. நான் ஏழு தடவை போயிருக்கேன். உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் ஒரு செகண்ட் நின்னுடுவாங்க பாரு, அதுக்கே போலாம். பின்னாடி வர்றவன் வந்து இடிப்பான். பிறகு அவனும் நிப்பான்.

சோபா_ஷோ · இரவு 11.15

எண்பது கிலோமீட்டர் சொச்சம் போய், எண்பது திரும்பி வந்து, ஏற்கெனவே கதை தெரிஞ்ச படம், தெரியாத மொழியில. கட்டப்பா ஏன் கொன்னான்னு 2017-லயே சொல்லிட்டாங்க சார். 65 இஞ்ச் டிவி, நல்ல சவுண்ட்பார், நினைச்சப்ப பாத்ரூம். 66 வயசுக்காரருக்கு அதைவிட என்ன வேணும்?

மூணாவது_வரிசை · இரவு 11.40

சோபா ஷோ வந்துட்டார், இனி இழை களைகட்டும்.

வைகை, "பெரிசு"ன்னா என்னன்னு முதல்ல பேசிக்குவோம். உங்க கண்ணுக்கு அடி, மீட்டர் எதுவும் தெரியாது. படம் எத்தனை டிகிரி விரிஞ்சு நிக்குதுங்கறதுதான் தெரியும். நூறு அடி ஸ்கிரீனை நூறு அடி தள்ளி உக்காந்து பார்த்தா சுமார் 53 டிகிரி. அம்பது அடி ஸ்கிரீனை அம்பது அடியில உக்காந்து பார்த்தாலும் அதே 53 டிகிரிதான். சூலூர்பேட்டை வரைக்கும் போய்க் கடைசி வரிசையில உக்காந்தா, நம்ம ஊர் தியேட்டர்ல நடு வரிசைக்கு முன்னாடி உக்காந்த மாதிரிதான் இருக்கும். அதே நூறு அடியை அறுபது அடி தூரத்துல பாருங்க, 80 டிகிரி. அப்ப ஸ்கிரீனோட ரெண்டு ஓரமும் ஒரே பார்வையில சிக்காது, கழுத்து கொஞ்சம் திரும்பும். அந்த உணர்வுக்குத்தான் காசு.

அதனால எந்த தியேட்டர்ங்கறதுக்கு முன்னாடி எந்த வரிசைன்னு கேளுங்க.

சோபா_ஷோ · இரவு 11.52

நன்றி, என் கட்சிக்கே வாதாடிட்டீங்க. 65 இஞ்ச் டிவியை அஞ்சடியில உக்காந்து பார்த்தா 50 டிகிரி வருது. இப்பதான் கணக்குப் போட்டேன். சூலூர்பேட்டை கடைசி வரிசை என் ஹால்லயே இருக்கு.

தடா_பஸ் · இரவு 11.55

அஞ்சடியில நீ உக்காந்துட்டா உன் பொண்டாட்டி புள்ளைங்க எங்க உக்காருவாங்க, உன் மடியிலயா

கார்பன்_குச்சி · 28 அக்டோபர், காலை 6.10

வணக்கங்க. கோயமுத்தூர்ப் பக்கம் முப்பத்தி நாலு வருசம் ஆபரேட்டரா இருந்தவனுங்க. பேரைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்கும், கார்பன் குச்சி எரிச்சுப் படம் ஓட்டுன காலத்துல கேபினுக்குள்ள போனவன்.

மூணாவது வரிசைத் தம்பி சொன்ன டிகிரி கணக்கு சரிதானுங்க, ஆனா அதோட முடியலைங்க. டிவியை அஞ்சடியில பார்க்கறப்ப ரெண்டு கண்ணும் உள்பக்கமாத் திரும்பி அஞ்சடியில குவியுது. அறுபது அடிக்கு அந்தாண்ட இருக்கறதைப் பார்க்கறப்ப கண்ணு தளர்ந்து நேரா நிக்குது. டிகிரி ஒண்ணாவே இருந்தாலும் இது பக்கத்துல இருக்கற சின்னது, அது தூரத்துல இருக்கற பெருசுன்னு மூளைக்குத் தெரிஞ்சு போகுது. கைக்குள்ள காசை வெச்சு நிலாவை மறைக்கலாம். காசு நிலாவாயிடுமுங்களா?

இன்னொரு சங்கதி. பாகுபலி ஸ்கோப் படமுங்க. அகலம் 2.39, உயரம் 1. சூலூர்பேட்டைத் திரை கிட்டத்தட்ட 1.89-க்கு 1. நூறு அடி அகலத்துக்குத் திரையோட உயரம் ஒரு 53 அடி வரும். ஸ்கோப் படத்தை அதுல போட்டா 42 அடிதான் நிறையும். மேல அஞ்சரை, கீழ அஞ்சரை கறுப்பா நிக்கும். ஐமேக்ஸ் திரையிலயும் ஸ்கோப்பாவே போட்டா இதே கதைதானுங்க. கறுப்புப் பட்டை வந்தா ஏமாத்திட்டாங்கன்னு நினைக்க வேண்டாம், படம் எடுத்ததே அப்படித்தான்.

வைகைக்கரை · காலை 8.31

அண்ணே, இது தெரியாம இருந்துச்சு. பட்டையோட பார்த்தாலும் 42 அடி உயரம்னா எங்க அபார்ட்மென்ட் நாலு மாடி வருமேண்ணே.

அப்பா மாவீரனை 70 எம்எம்-னு சொல்றாரே, அது இந்த ஐமேக்ஸைவிடப் பெரிசா? வீட்ல தினமும் இந்தச் சண்டைதான்.

கார்பன்_குச்சி · காலை 9.05

அப்பா சொல்றது வாஸ்தவமுங்க. தமிழ்ல முதல் 70 எம்எம் படம் மாவீரன்தான், ஆறு டிராக் மேக்னடிக் சவுண்டோட. ஆனா 70 எம்எம்-ங்கறது ஃபிலிமோட அகலமுங்க, திரையோட அளவில்ல. சனங்க ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க. எங்கூர்ல பெரிய திரையுள்ள தியேட்டரை எல்லாம் "செவன்ட்டி எம்எம் தியேட்டர்"னுதான் சொல்லுவாங்க, உள்ள ஓடறது 35-ஆ இருக்கும்.

நம்ம நாட்டு 70 எம்எம் படங்கள்ல ஷோலே முதற்கொண்டு பலதும் 35-ல எடுத்து, லேப்ல 70-க்குப் பெருக்குனதுங்க. இருந்தாலும் ஃபிலிம் பெருசாறப்ப வெளிச்சம் நிறையப் புகும், படம் ஆடாம நிக்கும். எல்லாத்துக்கும் மேல அந்த மேக்னடிக் சவுண்டு. ஃபிலிம் ஓரத்துல டேப் ரெக்கார்டர் நாடா மாதிரி பூசியிருப்பாங்க. அப்பா "ஸ்கிரீன் ஸ்கிரீன்"ங்கறாரே, அவரு மனசுல நிக்கறதுல பாதி காதுல விழுந்ததா இருக்கும்னு என்னோட நினைப்பு.

ஐமேக்ஸ் ஃபிலிமும் அதே 70 எம்எம்-தான். ஆனா அது மேலிருந்து கீழ ஓடாது, படுக்கை வாட்டத்துல ஓடும். ஒரு பிரேமுக்கு ஃபிலிம் ஓரத்துல பதினஞ்சு ஓட்டை. சாதா 70-ல அஞ்சு. அதனால பிரேம் மூணு மடங்கு பெருசு. நான் ஓட்டுனதில்லைங்க. பார்த்ததுகூட இல்ல. அதுல எனக்கு வருத்தம் உண்டு.

யாழ்_மெல்பன் · மதியம் 12.20

நான் பாத்தனான். மெல்பன் மியூசியத்துக்குக் கீழ இருக்கிற ஐமேக்ஸில 2023-ல ஓப்பன்ஹைமர், ஃபிலிமில. திரை 32 மீற்றர் அகலம், 23 மீற்றர் உயரம். அகலம் உங்கட சூலூர்பேட்டையை விடக் கொஞ்சம்தான் கூட. ஆனா உயரம் இருக்கே, அதுதான் வித்தியாசம். திரை கிட்டத்தட்டச் சதுரம் மாதிரி, 1.43-க்கு 1. படம் முழு உயரத்துக்கு விரியிற இடங்களில எனக்கு முதல் ரெண்டு நிமிசம் எங்க பாக்கிறதெண்டே தெரியேல்லை. ஆக்களின்ர முகம் நடுவிலயும் இல்லாம, கொஞ்சம் கீழ இருக்கும். மேல முழுக்க வானம்.

அந்தப் பிரதி ஒண்டு 18 கிலோமீற்றர் நீளம், 270 கிலோ பாரம். உலகம் முழுக்க முப்பது தியேட்டரிலதான் அப்பிடி ஓடினது. இந்தியாவில ஒண்டும் இல்லை. எனக்கு அது விளங்கவே இல்லை, இவ்வளவு சினிமாப் பைத்தியம் உள்ள நாட்டில.

மூணாவது_வரிசை · மதியம் 12.48

இருந்துச்சு. ஹைதராபாத்ல பிரசாத்ஸ், 2003-ல திறந்தது, ஃபிலிம் புரொஜக்டரோட. அப்ப அங்க ஓடுனது பெரும்பாலும் டால்பின், எவரெஸ்ட் மாதிரி டாக்குமென்டரி. பிறகு எல்லாம் டிஜிட்டலாச்சு, ஐமேக்ஸ் பேரும் அங்கிருந்து போயிடுச்சு. இப்பவும் பெரிய திரை இருக்கு, வேற பேர்ல.

டிஜிட்டலுக்கு வந்ததும் இன்னொரு கணக்கு. 4கே-ன்னா குறுக்க 4096 புள்ளி. நூறு அடியை அதால வகுத்தா ஒரு புள்ளி ஏழரை மில்லிமீட்டர் அகலம், கொத்தமல்லி விதையைவிடப் பெரிசு. 2கே புரொஜக்டரா இருந்தா 15 மில்லிமீட்டர், சட்டைப் பட்டனைவிடப் பெரிசு. முப்பது மீட்டர் தள்ளி உக்காந்தா 4கே புள்ளி கண்ணுக்குப் பிடிபடாது. பத்து மீட்டர்ல உக்காந்தா எழுத்தோட ஓரத்துல படிக்கட்டு தெரிய ஆரம்பிக்கும். முன்னாடி போகப் போகப் படம் விரியும், கூடவே தெளிவு குறையும். எனக்கு விரிவுதான் முக்கியம். பெயரைப் பார்த்தாலே தெரியும்.

நுரை_காபி · மதியம் 2.15

ஒரு புலம்பல். போன மாசம் இங்க ஒரு மால்ல (பேர் வேண்டாம்) "பெரிய ஸ்கிரீன்"னு கூடுதல் காசு வாங்கிட்டுப் போட்டாங்க. ராத்திரி சீன்ல யார் யாரை அடிக்கறாங்கன்னே தெரியல. 3டி-க்குப் போட்ட வெள்ளித் திரை போல, நடுவுல மட்டும் பளிச், ஓரமெல்லாம் இருட்டு. நான் ஓரத்து சீட். வெளிய வந்து கேட்டா "படமே அப்படித்தான் மேடம்". சூலூர்பேட்டையில அந்தப் பிரச்சினை இருக்கா?

தடா_பஸ் · மதியம் 2.30

அக்கா அங்க லேசர். ஓரமும் நடுவும் ஒண்ணாதான் எனக்குத் தெரிஞ்சுது. இன்னொண்ணு, அந்த எபிக் டெக்னாலஜியே நம்ம சென்னை கியூப் கம்பெனியோடது. 2019-ல சாஹோ படத்தோட திறந்தாங்க. நம்ம ஆளுங்க செஞ்சதைப் பார்க்க நாமளே பார்டர் தாண்டிப் போறோம் பாருங்க.

கார்பன்_குச்சி · மாலை 4.02

"படமே அப்படித்தான்" — அம்மிணி, இந்த வார்த்தையக் கேட்டா எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருதுங்க. திரையில விழற வெளிச்சத்துக்கு ஒரு அளவு இருக்குது. சாதா 2டி படத்துக்கு 14 ஃபுட் லேம்பர்ட்டு. அதை அளக்கறதுக்குக் கையடக்கமா மீட்டர் உண்டு. திரை அகலத்தை ரெண்டு பங்காக்குனா பரப்பு நாலு பங்காகும், வெளிச்சமும் நாலு பங்கு வேணுமுங்க. அது இல்லாம திரையை மட்டும் பெருசாக்கறது, ஒரு படி அரிசியில ஊருக்கே சோறு போடற மாதிரி.

கார்பன் காலத்துல குச்சி எரிய எரிய இடைவெளி அகலும். ஆபரேட்டர் கண்ணசந்தா படம் மஞ்சளடிக்கும், உடனே கீழருந்து விசில் வரும். "யோவ் ஆபரேட்டர்!" அந்த விசில்தான் எங்களுக்கு மீட்டர். இப்ப இருட்டாப் போட்டா யாருமே கத்த மாட்டேங்கறாங்களே, ஏனுங்க?

நுரை_காபி · மாலை 4.20

கத்தினா செக்யூரிட்டி வருவாரு அண்ணா 😄

வைகைக்கரை · இரவு 9.50

முடிவு பண்ணிட்டேன். சூலூர்பேட்டை. ஞாயிறு மேட்னி. ஆனா புக்கிங்லயே தகராறு.

மூணாவது வரிசை சொன்னதைக் கேட்டு, முன்னாடியும் இல்லாம பின்னாடியும் இல்லாம, நடுவுக்குச் சற்று முன்னாடி போடலாம்னு போனைக் காட்டினேன். அப்பா பார்த்ததும் முகம் மாறிடுச்சு. "பால்கனி இல்லையா? சரி, கடைசி வரிசையில போடு. தரை டிக்கெட்டுக்கா என்னைய இம்புட்டு தூரம் கூட்டிப் போற?"

அப்பா சின்ன வயசுல மதுரை தங்கம் தியேட்டர்ல தரை டிக்கெட்லதான் படம் பார்த்தவர். 2500 சீட்டுக்கு மேல இருந்த தியேட்டர். 1952-ல பராசக்தியோட திறந்தது, இப்ப ஜவுளிக்கடை. வேலை கிடைச்சு முதல் சம்பளம் வாங்கின அன்னிக்குத்தான் முதல் தடவையா பால்கனியில உக்காந்தாராம். அதுக்கப்புறம் இந்த நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூட முன்னாடி உக்காந்ததில்ல. மாவீரனும் பால்கனியிலதான்.

நான் டிகிரி எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "டிகிரி நீ படிச்சிருக்க, நான் படிக்கல"ன்னுட்டார். கடைசியில கடைசிக்கு முந்தின வரிசை போட்டேன்.

மூணாவது_வரிசை · இரவு 10.04

மனசு வலிக்குது. இருந்தாலும் அப்பா சொல்றதுல ஒண்ணு இருக்கு. இன்னிக்கு நாம 80 டிகிரி, மூழ்கற அனுபவம்னு காசு கொட்டிக் கொடுத்து வாங்கறது அன்னிக்குத் தரை டிக்கெட்காரனுக்கு மலிவா கிடைச்சது. டூரிங் டாக்கீஸ்ல மணலைக் குமிச்சு அது மேல ஏறி உக்காந்து, கழுத்தை நிமிர்த்திப் பார்த்தானே, அவனுக்குத்தான் எம்ஜிஆர் உண்மையிலேயே பெரிய ஆளாத் தெரிஞ்சிருப்பார். பால்கனிக்காரனுக்கு ஃபேன் காத்து.

சோபா_ஷோ · இரவு 10.11

கழுத்து வலியும் மலிவா கிடைச்சது, அதையும் சேர்த்துக்கங்க.

யாழ்_மெல்பன் · 29 அக்டோபர், காலை 5.30

போட்டு வந்து கட்டாயம் எழுதுங்கோ தம்பி. அப்பாவுக்குத் தண்ணிப் போத்தல் கொண்டு போங்கோ, மூண்டே முக்கால் மணித்தியாலம் லேசில்லை.

வைகைக்கரை · 3 நவம்பர், இரவு 8.15

போயிட்டு வந்தாச்சு. ஆளுக்கு ஆள் கேட்டதால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

உள்ள நுழைஞ்சதும் தடா பஸ் சொன்ன மாதிரியே நின்னார். பின்னாடி ஒரு குடும்பம் வந்து இடிச்சது. அப்பா ஒண்ணும் சொல்லல. திரையைப் பார்க்காம, திரும்பிப் பின்சுவர்ல கேபின் ஓட்டையைத் தேடினார். படம் ஓட ஆரம்பிச்ச பிறகும் ரெண்டு மூணு தடவை மேல பார்த்தார். "வெளிச்சம் போற பாதையே தெரியலையேடா." அந்தக் காலத்துல பீடிப் புகையில அந்த ஒளிக்கற்றை ஸ்கிரீன் வரைக்கும் நீளமா தெரியுமாம். இவருக்குப் படத்தைவிட அதுதான் ரொம்ப நேரம் குறையா இருந்துச்சு.

மொழி பெரிசா இடிக்கல. கதை தெரியும். கட்டப்பா வாயைத் திறந்ததும் மட்டும் நிமிர்ந்து உக்காந்து, "நம்ம சத்யராஜ் குரல் இல்லையே"ன்னு சத்தமாவே சொன்னார். முன் வரிசையில ஒருத்தர் திரும்பிப் பார்த்துச் சிரிச்சார், அவரும் தமிழ்தான். காலகேயன் அந்தப் படத்துக்குன்னே உருவாக்கின கிளிக்கி பாஷை பேசினப்ப அப்பா என் காதுல, "இது எல்லாருக்கும் சமம்"னார்.

அருவி சீன்ல பட்டை தெரியல. இருந்துச்சு, கார்பன் அண்ணன் சொன்ன அஞ்சரை அடி மேலயும் கீழயும் இருந்துருக்கும், ஆனா இருட்டுல அது சுவரோட சேர்ந்துடுது. கடைசிக்கு முந்தின வரிசையிலருந்தே படம் பெரிசா இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா "ஐயோ"ன்னு இல்ல. ஒழுங்கா, மொத்தமா, போஸ்டர் மாதிரி தெரிஞ்சுது. மூணாவது வரிசை சொன்ன 53 டிகிரிய மனசுல நினைச்சுக்கிட்டேன்.

இடைவேளையில பாப்கார்ன் வாங்க வெளிய போனேன். திரும்பி வந்தா சீட்ல ஆள் இல்ல. பாத்ரூம் போயிருப்பார்னு நினைச்சேன். படம் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு, பத்து நிமிஷம் ஆச்சு, எனக்குப் பதட்டமாயிடுச்சு. போன் அடிச்சா என் பையிலயே அடிக்குது. எழுந்து படியிறங்கித் தேடிட்டே போனேன். முன்னாடி ரெண்டு மூணு வரிசை காலி. அதுல நட்ட நடுவுல ஒரே ஒரு வழுக்கைத் தலை, அண்ணாந்து.

போய்ப் பக்கத்துல உக்காந்தேன். என்னைப் பார்க்கல. திரையில யானை. நான் ரெண்டு தடவை தியேட்டர்ல பார்த்த அதே யானைதான். ஆனா அங்கருந்து அதோட ஒரு கண்ணே ஒரு கார் அளவு. மத்ததெல்லாம் பார்வைக்கு வெளிய எங்கயோ நிக்குது, தலையைத் திருப்பித்தான் தும்பிக்கையைத் தேடணும். புள்ளி தெரிஞ்சுது, மூணாவது வரிசை, நீங்க சொன்ன மாதிரி எழுத்து வந்தப்ப ஓரத்துல படிக்கட்டு தெரிஞ்சுது. அப்பா கண்ணாடியைக் கழட்டி வேட்டியில துடைச்சுட்டு மறுபடி போட்டுக்கிட்டார்.

படம் முடியற வரைக்கும் அங்கதான். பாப்கார்ன் பின்னாடி சீட்லயே போச்சு.

திரும்பி வர்ற வழியில ஆரம்பாக்கம் தாண்டி டீக்கடையில நிறுத்தினேன். அப்பா கழுத்தைத் தேய்ச்சுக்கிட்டே, "மாவீரன் இதைவிடப் பெரிசு"ன்னார்.

தடா_பஸ் · இரவு 8.22

🤣🤣🤣 சத்தியமா எதிர்பார்த்தேன்

சோபா_ஷோ · இரவு 8.30

கழுத்து வலி பாயிண்ட் எனக்கு. மத்தது எல்லாம் அப்பாவுக்கு.

கார்பன்_குச்சி · இரவு 9.47

தம்பி, ரெண்டு தடவை படிச்சேனுங்க. கணக்குக்காகச் சொல்றேன், அந்த மூணே முக்கால் மணி நேரப் படத்தை 35-ல ஓட்டியிருந்தா இருபதாயிரம் அடி ஃபிலிம், ஆயிரம் அடி ரீல்ல இருபது ரீலுங்க. ஒவ்வொரு ரீல் முடியறப்பவும் வலது மூலையில ஒரு புள்ளி மின்னும், அதைப் பார்த்து அடுத்த மெசினுக்கு மாத்தணும். முன் வரிசையில உக்காந்து பார்க்கற பசங்களுக்கு அந்தப் புள்ளி எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுரும். மாத்த ஒரு நொடி லேட்டானாப் போதும், "ரீலு, ரீலு"ன்னு கத்துவாங்க. அப்பாகிட்டக் கேளுங்க, அவரும் கத்தியிருப்பாரு.

வைகைக்கரை · இரவு 10.05

கேட்டேன் அண்ணே. "பின்ன?"ங்கறார்.

நுரை_காபி · இரவு 10.31

வைகை, கார் இல்லாதவங்க எப்படிப் போறது? மூர் மார்க்கெட்லருந்து சூலூர்பேட்டை லோக்கல் இருக்குன்னு தெரியும். மேட்னி விட்டு வந்தா திரும்ப ட்ரெயின் கிடைக்குமா? எங்க அம்மாவும் கேக்கறாங்க.